மோட்டார் ஹோம் தண்ணீரும் பிரிட்டன் குளிரும்: வடிப்பதா, ஊதுவதா, சூடேற்றுவதா?

அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பியதும், பிரிட்டனில் மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வீடு போல் அமைந்த வண்டி) வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே கவலை வந்துவிடும். வண்டிக்குள் இருக்கும் தண்ணீரை என்ன செய்வது? இதற்கு நான்கு பதில்கள் புழக்கத்தில் உள்ளன. முழுக்க வடித்துவிடலாம். காற்றடித்து ஊதி வெளியேற்றலாம். குழாய்க்குள் ஆன்டிஃப்ரீஸ் (எளிதில் உறையாத திரவம்) ஏற்றி வைக்கலாம். அல்லது எதையும் வடிக்காமல் ஹீட்டரை ஓடவிட்டு வண்டியைச் சூடாகவே வைத்திருக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் உறுதியான ஆதரவாளர்கள் உண்டு.

இவற்றை எடை போடுவதற்கு முன், சேதம் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. நூறு லிட்டர் டேங்க்கைப் பற்றித்தான் பலரும் பயப்படுகிறார்கள். ஆனால் பாதி காலியான டேங்க்கில் பனிக்கட்டி பெருக மேலே இடம் இருக்கிறது, பிளாஸ்டிக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உடைவதெல்லாம் சின்னச் சின்னச் சாமான்கள்: பம்பின் தலை, பம்புக்கு முன்னால் இருக்கும் ஃபில்டர் கிண்ணம், கலவைக் குழாயின் (வெந்நீரும் குளிர்நீரும் ஒரே வாயில் வரும் குழாய்) உள்பாகம், ஷவர் தலை, ஹீட்டரின் வால்வு. குழாயின் நடுவில் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளரும்போது, இன்னும் உறையாத தண்ணீர் மூடியிருக்கும் குழாய் வாயின் பக்கமாகத் தள்ளப்படுகிறது. அங்கே அழுத்தம் ஏறி, எது பலவீனமோ அது வெடிக்கிறது.

இதில் மோசமான விஷயம், வெடித்தது அப்போது தெரியாது. பனிக்கட்டியே அடைப்பாக நிற்கும். மார்ச்சில் ஆசையாகத் தண்ணீர் நிரப்பிப் பம்பைப் போடும்போதுதான் அலமாரிக்குப் பின்னால் கசிய ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் தரைப் பலகை ஊறி உளுத்துப் போகும். உறைபனிச் சேதம் பெரும்பாலும் உத்தரவாதத்தில் வராது. கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய செலவு என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஆகவே நான்கு வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: பம்பிலும் குழாயிலும் ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி அரை டம்ளர் தண்ணீரை எது சரியாகக் கவனிக்கிறது?

முதலில் வடிப்பது. காசு செலவில்லை, கருவி தேவையில்லை, எந்த வண்டிக்கும் பொருந்தும். ஆனால் டேங்க்கின் அடைப்பானைத் திறந்துவிட்டு 'முடிந்தது' என்று வீட்டுக்குள் போய்விடுகிறவர்கள்தான் அதிகம். டேங்க் காலியானால் குழாய்கள் காலி என்று அர்த்தமில்லை. குளிர்நீர், வெந்நீர்க் குழாய்களுக்குப் பல வண்டிகளில் தனித்தனி வடிகால் வால்வுகள் உண்டு, பெரும்பாலும் கட்டிலுக்கோ இருக்கைக்கோ அடியில். அவற்றையும் திறக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு கலவைக் குழாயின் கைப்பிடியையும் நடுவில் நிறுத்தித் திறந்து விட வேண்டும். வெந்நீர்ப் பக்கமே தள்ளி வைத்தால் குளிர்நீர்ப் பக்கம் காற்று புகாது. காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் வெளியே வராது. குழாயைத் திறந்தாலே பம்ப் ஓடும் வண்டிகளில் முதலில் பம்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவது முக்கியம், இல்லையென்றால் அது தண்ணீரில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து எடுத்து, நன்றாக உதறி, கீழே தட்டில் படுக்க வைக்க வேண்டும். கொக்கியிலேயே தொங்கவிட்டால் குழாயின் வளைவில் தண்ணீர் தங்கிவிடும். பம்பின் ஃபில்டர் கிண்ணத்தைத் திருகிக் கழற்றிக் கொட்ட வேண்டும். அதன் பிறகு சில விநாடிகள் மட்டும் பம்பை ஓட்டினால் தலைக்குள் இருப்பதும் வெளியே வந்துவிடும். கழிப்பறை ஃப்ளஷ், வெளிப்பக்க ஷவர் இணைப்பு இரண்டும் எப்போதும் மறந்து போகிறவை. கழிவுநீர் டேங்க்கையும் அதற்கான இடத்தில் காலி செய்துவிட்டு வால்வைத் திறந்தே விடலாம்.

இவ்வளவும் செய்த பிறகு வடிகால்களைத் திறந்தபடியே ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். திருப்பத்திலும் பிரேக்கிலும் குழாய்களின் தாழ்வான இடங்களில் நின்ற தண்ணீர் அசைந்து வெளியேறும். முன்சக்கரத்தையோ பின்சக்கரத்தையோ சாய்வுக்கட்டை மேல் ஏற்றி நிறுத்துவதும் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும்.

ஹீட்டரைப் பொறுத்தவரை ட்ரூமா காம்பி (வண்டியையும் தண்ணீரையும் சேர்த்தே சூடாக்கும் ஹீட்டர்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு துணை உண்டு. அதோடு வரும் ஃப்ராஸ்ட் கன்ட்ரோல் வால்வு, தன்னைச் சுற்றியுள்ள வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரிக்குக் கீழே போனதும் மின்சாரம் இல்லாமலே தானாகத் திறந்து, ஹீட்டரில் உள்ள 10 லிட்டரையும் கொட்டிவிடும். 7 டிகிரிக்கு மேல் போனால்தான் மறுபடி மூட முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது காப்பாற்றுவது ஹீட்டரை மட்டுமே. பம்பும் குழாய்களும் அதன் கணக்கில் இல்லை. குளிர்ந்து கிடக்கும் வண்டியில் தண்ணீர் நிரப்ப அவசரப்பட்டு, அந்த வால்வின் பொத்தானைத் துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்து வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கிளிப்பை எடுக்க மறந்தால் ஹீட்டருக்கு இருந்த ஒரே பாதுகாப்பும் போயிற்று. ஒரு மணி நேரம் வண்டியைச் சூடேற்றிவிட்டு நிரப்புவது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஊதுவது. டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸரும், தண்ணீர்க் குழாயில் பொருத்தும் ஓர் இணைப்பும் போதும். கடையில் தயாராகவும் கிடைக்கிறது. ஒவ்வொரு குழாயாகத் திறந்து காற்றை விட்டால், முழுக்க வடித்துவிட்டோம் என்று நினைத்த வண்டியிலிருந்தும் குழாய் வாயில் துப்பித் துப்பித் தண்ணீர் வரும். அதைப் பார்த்த பிறகு வடிப்பதை மட்டும் நம்ப மனம் வராது. அந்தக் கடைசி அரை டம்ளருக்கு நேரான பதில் இதுதான். கவனிக்க வேண்டியது அழுத்தம். காம்பி ஹீட்டர் தாங்கும் தண்ணீர் அழுத்தம் 2.8 பார் (அழுத்தத்தின் அலகு) வரைதான். 2 பாருக்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. டயருக்கு வைக்கும் 5 பார் அளவை அப்படியே விட்டால் இணைப்புகள் பிய்த்துக்கொள்ளும். இன்னொன்று: ஊதுவது வடிப்பதற்கு மாற்று இல்லை, அதற்கு அடுத்த படி. நிறைந்த குழாயில் நேரடியாக ஊதினால் தண்ணீருக்கு மேலே காற்று வழி பண்ணிக்கொண்டு போய்விடும்.

ஆன்டிஃப்ரீஸ் விஷயத்தில் வட அமெரிக்காவும் பிரிட்டனும் வேறு வேறு உலகம். கனடாவின் வின்னிபெக் மாதிரி ஊர்களில் மைனஸ் 30 வரை இறங்குவது குளிர்காலத்தில் புதிதல்ல, வண்டியும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை அசையாமல் நிற்கும். அங்கே இளஞ்சிவப்பு நிற ப்ரோபிலீன் கிளைக்கால் என்ற ஆன்டிஃப்ரீஸை ஏற்றுவது நியாயமான வழக்கம். அங்கத்திய வண்டிகளில் ஹீட்டரைச் சுற்றிப் போகும் மாற்று வழி வால்வுகள் பெரும்பாலும் இருக்கும், அதனால் 8 முதல் 11 லிட்டரில் வேலை முடிந்துவிடும். ஐரோப்பிய வண்டிகளில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது, ஹீட்டரும் சேர்ந்து நிறையும். டப்பாவில் போட்டிருக்கும் 'மைனஸ் 50 ஃபாரன்ஹீட்' என்பது குழாய் வெடிக்காமல் காக்கும் எல்லை. அது உறையாமல் இருக்கும் எல்லை அல்ல. சுமார் மைனஸ் 10, 12 செல்சியஸிலேயே திரவம் கூழாகத் தொடங்கிவிடும். உள்ளே பழைய தண்ணீர் தங்கியிருந்தால் கலந்து இன்னும் பலவீனமாகும். அதாவது, இதற்கும் முதலில் நன்றாக வடித்தாக வேண்டும். வசந்தத்தில் பலமுறை அலசி வெளியேற்றும் வேலை வேறு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: காரில் ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், குடிநீர்க் குழாய்க்கு அருகிலேயே கொண்டு போகக் கூடாது. பிரிட்டனில் நான் ப்ரோபிலீன் வகைக்கு இடம் கொடுப்பது சிங்க்குக்கு அடியில் இருக்கும் வளைகுழாய்க்கு மட்டும், ஒரு கப் அளவில்.

கடைசியாகச் சூடேற்றுவது. வண்டிக்குள் நீங்கள் தங்கியிருந்தால் இதுதான் வழி, மறு பேச்சே இல்லை. இரட்டைத் தரை அமைப்பில், டேங்க்குகளும் குழாய்களும் சூடான இடத்துக்குள் ஓடும் வண்டிகள் ஆல்ப்ஸ் பனியிலும் தாக்குப்பிடிக்கும். கேஸ் விஷயத்தில் ப்ரோபேன் வேண்டும். பியூட்டேன் பூஜ்ய டிகிரி வாக்கிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், ப்ரோபேன் மைனஸ் 42 வரை வேலை செய்யும். பிரிட்டனில் கேலர் நிறுவனத்தின் சிலிண்டர் என்றால் நீலம் பியூட்டேன், சிவப்பு ப்ரோபேன்.

ஆளில்லாமல் நிற்கும் வண்டிக்கு இதே வழியை நான் நம்பவே மாட்டேன். 500 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினால் 12 யூனிட். தெர்மோஸ்டாட் இருந்து பாதி நேரமே ஓடினாலும் நான்கு மாதத்தில் எழுநூறு யூனிட்டுக்கு மேல் ஆகும். இவ்வளவு செலவழித்தும் சூடாவது உட்காரும் பகுதிதான். தரைக்கு அடியில் தொங்கும் டேங்க்கும், வெளிப்பெட்டிக்குள் இருக்கும் பம்பும் குளிரில்தான் கிடக்கும். 2021 நவம்பர் இறுதியில் ஆர்வென் புயல் வீசியபோது ஸ்காட்லாந்திலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் சில வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட வாரத்தில் தண்ணீரோடு நிற்கும் வண்டியின் கதி என்ன?

விற்பனையாளர் காட்டும் 'கிரேடு 3' முத்திரையை நம்பியும் பலர் தண்ணீரோடு விட்டுவிடுகிறார்கள். அந்த ஐரோப்பியத் தரச் சோதனை, வெளியே மைனஸ் 15 இருக்கும்போது ஹீட்டரைப் போட்டால் நான்கு மணி நேரத்தில் உள்ளே 20 டிகிரி வருகிறதா, தண்ணீர் அமைப்பு இயங்குகிறதா என்று பார்க்கிறது. ஹீட்டர் அணைந்து நிற்கும் வண்டியைப் பற்றி அந்த முத்திரை ஒன்றும் சொல்வதில்லை.

ஆக, நிறுத்தி வைக்கும் வண்டிக்கு என் தேர்வு வடிப்பது, கொஞ்சம் ஓட்டுவது, பிறகு 2 பாருக்குள் ஊதுவது. தென்மேற்கு இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் இருப்பவர்கள் ஊதுவதைத் தவிர்த்தாலும் பெரும்பாலான வருடங்கள் தப்பித்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே பிரேமர் என்ற ஊரில் 2021 பிப்ரவரியில் மைனஸ் 23 பதிவானது.

சரி, குளிர்காலத்திலும் இடையிடையே வார இறுதியில் கிளம்புகிறவர்கள்? ஒவ்வொரு முறையும் நிரப்பி, ஒவ்வொரு முறையும் முழுக்க வடிப்பது பெரிய வேலை, அலுப்பில் ஒரு தடவை அரைகுறையாகத்தான் முடியும். அவர்களுக்கு நான் சொல்வது, நவம்பரில் ஒரு முறை ஒழுங்காக வடித்து ஊதிவிட்டு மார்ச் வரை குழாய்களைத் தொடவே வேண்டாம் என்பதுதான். குடிக்கவும் சமைக்கவும் இரண்டு பத்து லிட்டர் கேன், பாத்திரம் கழுவ ஒரு பேசின், குளியலுக்கு கேம்ப் சைட். கழிப்பறைக்கு ஃப்ளஷ் வேண்டாம், ஒரு ஜக்கில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஞாயிறு மாலை வீட்டுக்குத் திரும்பியதும் கேன்களை இறக்கி, கழிப்பறையின் கழிவுப் பெட்டியான கேசட்டைக் காலி செய்துவிட்டால் வேலை முடிந்தது.