வெள்ளெழுத்துக்கு பைஃபோகலா, ப்ரோக்ரஸிவா? ஒரு மருந்துக்கடைக்காரரின் கணக்கு

மருந்துக்கடையில் நிற்பவனுடைய கண் நாள் முழுக்க நாலு தூரத்துக்கு அலையும். மாத்திரை அட்டையின் ஓரத்தில் அழுத்திப் பதித்த எக்ஸ்பைரி தேதி 35 சென்டிமீட்டரில். பில் போடும் கம்ப்யூட்டர் 65-இல். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் முகம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். அதற்கு அப்பால் தெரு. தனி ரீடிங் கிளாஸ், மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக இரண்டு பவர் உள்ள பைஃபோகல், கோடில்லாமல் பவர் படிப்படியாக மாறும் ப்ரோக்ரஸிவ் மூன்றையும் இதே கவுண்டரில் போட்டுப் பார்த்தாயிற்று. கண் சீட்டில் 'ஆட்' (தூரப் பவருக்கு மேல் கிட்டத்துக்காகக் கூட்டும் பவர்) என்று எழுதியிருக்கும் எண் 2-ஐத் தொட்டவர்களுக்கு என் ஓட்டு ப்ரோக்ரஸிவுக்கு. இன்னும் 1.25-இல் இருப்பவர்கள் அவசரப்பட வேண்டாம், பைஃபோகலே தாங்கும்.

வயதாக ஆகக் கிட்டத்து எழுத்து மங்கும் இந்த வெள்ளெழுத்துக்குக் காரணம் கண்ணுக்குள் இருக்கிறது. விழியின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு; நூறை அதால் வகுத்தால் குவியும் தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும்). அதில் 43 அளவுக்கு முன்னாலிருக்கும் கண்ணாடி போன்ற படலமான கார்னியாவே கொடுத்துவிடுகிறது, அது கூடாது, குறையாது. கூட்டிக் குறைக்கிற வேலை உள்ளே இருக்கும் லென்ஸுக்கு. கிட்டத்தில் பார்க்கும்போது லென்ஸைச் சுற்றியுள்ள சிலியரித் தசை சுருங்கும், லென்ஸை இழுத்துப் பிடித்திருக்கும் நுண்ணிழைகள் தளரும், லென்ஸ் உப்பும், விழித்திரையில் தலைகீழாக விழும் பிம்பம் கூர்மையாகும். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1855-இல் கொடுத்த விளக்கம் இது, பாடப்புத்தகங்களில் இன்றும் இதுதான். அந்த லென்ஸ் ஆயுள் முழுக்கப் புது இழைகளைச் சேர்த்துக்கொண்டே போகும், பழையதை உதிர்க்காது. வயதாக ஆக இறுகிப்போகும். தசை சுருங்கினாலும் லென்ஸ் உப்பாது. பத்து வயதில் 14 டயாப்டர் அளவுக்குக் கூட்ட முடிந்த கண், அறுபதில் ஒன்றுக்கே திணறும். கண் பயிற்சியோ கேரட் ஜூஸோ இறுகிய லென்ஸை இளக்காது.

கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை எல்லாம் விழியின் நீளத்திலும் வளைவிலும் உள்ள கோளாறு. சரியான பவர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. வெள்ளெழுத்தில் போவது தூரத்தையும் கிட்டத்தையும் மாறி மாறிப் பிடிக்கும் வீச்சு. அதை ஒற்றைப் பவரால் திருப்பித் தர முடியாது. இத்தனை வகைக் கண்ணாடிகள் இருப்பதும் அதனால்தான்.

மைனஸ் 2 அளவில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் மேற்கொண்டு படிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. கண்ணாடியைக் கழற்றினால் 50 சென்டிமீட்டர்வரை தெளிவாகத் தெரியும், பேப்பர் படிக்க அது போதும். மைனஸ் 5 என்றால் அந்தத் தூரம் 20 சென்டிமீட்டர். புத்தகம் மூக்கில் இடிக்கும், அவர்களுக்கு இந்த வழி உதவாது.

ரீடிங் கிளாஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மலிவு, படிக்கும் பரப்பு அகலம், வேலை ஒரே தூரத்தில் என்றால் இதை மிஞ்ச எதுவும் கிடையாது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டத்துக் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள் பறித்த இலையின் அளவு, கொடுக்கப்படாதவர்களைவிட இருபது சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. கொழுந்து இருப்பது கை தொடும் தூரத்தில்; அதற்கு அது கனகச்சிதம். என் கடையில், நிமிர்ந்தால் எதிரே நிற்பவர் முகம் மங்கும். நாள் பூராவும் கழற்றி மாட்டுவதே பிழைப்பாகிவிடும். ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், சிதறல் பார்வையைத் திருத்தும் சிலிண்டர் பவரும் இருக்காது என்பதையும் கவனியுங்கள்.

இனி பைஃபோகல். பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1784-இல் எழுதிய கடிதத்திலேயே இது வருகிறது. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது கீழே படுத்த 'டி' வடிவம். அந்த டி-க்குள் படிக்கும் இடம் தாராளம், ஓரத்தில் மங்கல் இல்லை, சில நூறு ரூபாயில் ஜோடி லென்ஸ் முடியும். கோட்டைத் தாண்டும்போது பிம்பம் ஒரு குதி குதிக்கும், அது சீக்கிரம் பழகிவிடும். கோடு தெரிந்தால் வயது தெரியும் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். நரைத்த மீசைக்குக் கீழே அந்தக் கவலை எனக்கில்லை.

பைஃபோகலை நான் விட்டது நடுத்தூரத்துக்காக. ஆட் 1.25, கண்ணில் சிரமமில்லாமல் செலவழிக்க இன்னும் 2 டயாப்டர் மிச்சம் என்று வையுங்கள். மேல்பகுதி வழியாகத் தொலைவிலிருந்து 50 சென்டிமீட்டர்வரை தெளிவு. கீழ்ப்பகுதி வழியாக 80-இலிருந்து 31 வரை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன, எங்கும் ஓட்டை இல்லை. சில வருடம் கழித்து ஆட் 2 ஆகிறது, கண்ணில் மிச்சம் 1 டயாப்டர்தான். இப்போது மேல்பகுதி ஒரு மீட்டரோடு நின்றுவிடும். கீழ்ப்பகுதி 50-இலிருந்து 33 வரை மட்டும். ஐம்பதுக்கும் நூறுக்கும் நடுவில் இருப்பது எதுவும் எந்தப் பகுதியிலும் தெளிவாகத் தெரியாது. என் பில் திரை சரியாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அடுப்பில் கொதிக்கும் குழம்பு, தையல்காரரின் வெட்டுமேசை, கடை அலமாரி, பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முகம், ஸ்கூட்டரின் பெட்ரோல் முள் எல்லாமே அந்த அரை மீட்டருக்குள் வருபவை. திரையைப் படிக்க நாடியைத் தூக்கி, டி-க்குள் கண்ணை வைத்து, உடம்பை முன்னால் வளைக்க வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் பிடரி இறுகிப்போகும்.

உங்கள் எண்ணை வைத்து நீங்களே போட்டுப் பார்க்கலாம். நூறை ஆட் எண்ணால் வகுத்தால் கீழ்ப்பகுதியின் எல்லை சென்டிமீட்டரில் கிடைக்கும். அதைவிடத் தள்ளியிருப்பதாய், ஒரு மீட்டருக்குள்ளேயே ஓயாமல் பார்க்கவேண்டிய பொருள் உங்கள் வேலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் பைஃபோகலை விட்டு நகரத் தேவையில்லை. நோட்டுப் புத்தகத்தையும் கடைசி பெஞ்சையும் மாறி மாறிப் பார்க்கும் ஆசிரியருக்கு இன்றைக்கும் அது பொருத்தம்.

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ப்ரோக்ரஸிவ். பிரான்ஸில் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கியது 1959-இல் விற்பனைக்கு வந்தது. மேலிருந்து கீழே பவர் படிப்படியாக ஏறுவதால் நடுவில் 65 சென்டிமீட்டருக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. ஆனால் அந்த ஏற்றம் ஒற்றையடிப் பாதை மாதிரி, விலகினால் மங்கல். இது கம்பெனியின் தரக்குறைவு அல்ல, கணிதம். மின்க்விட்ஸ் என்ற ஆய்வாளர் 1963-இல் காட்டியபடி, பாதையில் பவர் எந்த வேகத்தில் கூடுகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர் சேரும். 14 மில்லிமீட்டர் நீளப் பாதையில் ஆட் 2 ஏறினால், நடுவிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளி ஏறத்தாழ 1.4 சிலிண்டர். விலை உயர்ந்த டிசைன்கள் இந்த மங்கலை அங்கும் இங்கும் பரப்பி மென்மையாக்கும், அழிக்காது. நான் போட்டிருப்பது நடுத்தர விலை லென்ஸ். அதற்கு மேலே இருப்பவை கேட்கும் பணத்துக்கு ஈடா என்பதை அவற்றைப் போட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பழக இரண்டொரு வாரமாகும். கண்ணை ஓரத்துக்கு உருட்டாமல் மூக்கைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி கடைக்காரர் எடுக்கும் அளவில். ஃப்ரேமை முகத்தில் மாட்டி, இரண்டு கண்மணிகளுக்கும் தனித்தனியாகப் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். வைக்காத கடையில் ஆர்டர் கொடுக்காதீர்கள். வழக்கமான நீளப் பாதைக்கு அந்தப் புள்ளிக்குக் கீழே 18 மில்லிமீட்டராவது லென்ஸ் தேவை, ஒடுங்கிய ஸ்டைல் ஃப்ரேம் எடுபடாது. கைக்கு வந்ததும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் தெரியும். காதுப்பக்கப் பொறிப்புக்குக் கீழே ஆட் எண் இருக்கும். சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

செலவு ஆயிரங்களில். அறுபது வரை ஆட் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் சில வருடத்துக்கு ஒருமுறை இதே செலவு திரும்பும். வீட்டுச் செலவுக் கணக்கில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பைஃபோகலுக்கும் ப்ரோக்ரஸிவுக்கும் பொதுவான தொந்தரவு மாடிப்படி. இறங்கும்போது படியைப் பார்ப்பது கிட்டத்துப் பகுதி வழியாக, படியோ ஒன்றரை மீட்டர் கீழே. 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இத்தகைய கண்ணாடி போடும் முதியவர்களுக்கு வெளியே போகத் தனியாகத் தூரக் கண்ணாடி கொடுத்தார்கள். அடிக்கடி வெளியே நடமாடுபவர்கள் விழுவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. அபூர்வமாக வெளியே போகிறவர்களுக்கு வெளியில் விழுவது கூடிவிட்டது. ஆகவே வயதான அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் அவர்கள் எவ்வளவு நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

கம்ப்யூட்டர் தூரத்துக்கென்றே வரும் ஆஃபீஸ் லென்ஸ் கவுண்டருக்கு இன்னும் பொருத்தமாக இருக்கலாம். ஆப்டிகல்ஸில் சில நிமிடம் போட்டுப் பார்த்தேன், திரை அகலமாகத் தெரிந்தது. அதோடு ஸ்கூட்டர் ஓட்ட முடியாது என்பதால் வாங்கவில்லை. மல்ட்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸ் என் அனுபவத்துக்கு வெளியே.

ப்ரோக்ரஸிவ் கைவிடும் இடங்கள் இரண்டு. மேல் தட்டில் இருக்கும் டப்பாவின் பெயரைப் படிக்க முகத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும், ஏணியில் நின்றுகொண்டு அது ஆபத்து. படுத்துக்கொண்டு படிப்பதும் நடக்காது, தலையணை மூக்கைத் திருப்ப விடாது. இரண்டுக்கும் பழைய ரீடிங் கிளாஸ் போதும். ஒன்று கடை டிராயரில், ஒன்று கட்டில் பக்கத்தில்.