கித்தான் தரைவிரிப்பு: எந்தத் துணி, எந்தப் பெயிண்ட்?

கித்தானில், அதாவது கேன்வாஸ் துணியில், பெயிண்ட் அடித்து வீட்டுக்கு ஒரு தரைவிரிப்பு செய்யலாம் என்று கிளம்பினால் குழப்பம் துணியிலேயே ஆரம்பித்துவிடும். ஓவியச் சாமான் கடையில் வெள்ளை பூசி விற்கிற கேன்வாஸ் ரோலா, பை தைக்கிறவர்கள் வாங்கும் பழுப்பு நிறக் காட்டன் கேன்வாஸா, இல்லை கழற்றிப் போட்ட ஃப்ளெக்ஸ் பேனரா?

ஃப்ளெக்ஸை முதலில் கழித்துவிடலாம். காசில்லாமல் கிடைக்கும்தான், ஆனால் அது பிவிசி. சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் அதில் சரியாகப் பிடிக்காது, நகத்தால் சுரண்டினாலே தோல் தோலாக உரியும். ஓவிய ரோலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்கும் வேலை மிச்சம், ஆனால் சட்டத்தில் இழுத்துக் கட்டி மாட்டுவதற்காகச் செய்த துணி அது, பெரும்பாலும் மெல்லிசாக இருக்கும், தரையில் போட்டால் நெளியும், ஓரம் மடிக்கிற இடத்தில் வெள்ளைப் பூச்சு வெடிக்கவும் செய்யும். அதனால் என் ஓட்டு பை தைக்கிற கேன்வாஸுக்குத்தான், விலையும் குறைவு. கடையில் அவுன்ஸ் கணக்கு சொன்னால் 12 அவுன்ஸ் கேளுங்கள், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு) என்றால் சுமார் 400. இன்னொன்று, கடைக்காரர் பழக்கத்தில் நாலாக மடித்துக் கொடுக்கப் பார்ப்பார், விடாதீர்கள். மடிப்புக் கோடு எத்தனை கோட் அடித்தாலும் பெயிண்டுக்கு அடியில் தெரியும். சுருட்டியே வாங்கிக்கொண்டு வாருங்கள். பிரைமர் ஈரம் பட்டதும் துணி சுருங்கும் என்பதால் நீள அகலம் இரண்டிலும் நாலைந்து அங்குலம் கூடுதலாக வேண்டும்.

பெயிண்டில் மூன்று பேர் போட்டிக்கு நிற்கிறார்கள். கேட்டுக்கு அடிக்கிற எனாமல் கெட்டி, பளபளப்பும் உண்டு, ஆனால் காய்ந்தால் விறைத்துக்கொள்ளும், சுருட்டினால் வெடிக்கும், போதாததற்கு எண்ணெய்ப் பெயிண்ட் வெறும் பருத்தியில் நேராகப் பட்டால் நாளாவட்டத்தில் நூலை இற்றுப்போக வைக்கும். ட்யூப் அக்ரிலிக் அருமையானது, ஆனால் நாலுக்கு ஆறடித் துணி முழுக்க அதையே அடித்தால் பர்ஸ் தாங்காது. சுவர் எமல்ஷனை அடிநிறமாக இரண்டு கோட் அடித்துவிட்டு, டிசைனுக்கு மட்டும் அக்ரிலிக் எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய டப்பா பரண்மேல் இருந்தால் அதுவே போதும்.

டிசைனுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படிப் பெயிண்ட் அடித்த கித்தான் விரிப்புகள் பரவலாக இருந்தன, கறுப்பு வெள்ளைப் பளிங்குக் கட்டம்தான் அதில் அதிகம். 1860களில் லினோலியம் வந்தபின் அவை மெல்ல ஒதுங்கிப்போயின. நம் ஊருக்கு ஆத்தங்குடிக் கல் டிசைன் இருக்கும்போது வேறெங்கே தேடுவது? மாஸ்கிங் டேப்பும் அட்டையில் வெட்டிய ஒரு ஸ்டென்சிலும் இருந்தால் முடிந்தது.

ஓரத்தைத் தைப்பதா ஒட்டுவதா? ஒட்டுங்கள். தைத்த ஓரம் மேடாகி, கால் பட்டுத் தேய்ந்து, அங்கேதான் முதலில் பெயிண்ட் போகும். ஒரு அங்குலம் மடித்து, மூலையைச் சாய்வாக வெட்டி, பசை தடவிச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டினால் தட்டையாகப் படியும்.

சிக்கனம் இதுவரைக்கும்தான், மேல்பூச்சில் கஞ்சத்தனம் காட்டினால் அத்தனை உழைப்பும் மாப் தண்ணீரோடு போய்விடும். எண்ணெய் வார்னிஷ் உறுதியானது, ஆனால் வெள்ளை நிறம் போகப்போக மஞ்சளடிக்கும். தண்ணீரில் கரையும் பியு (பாலியூரித்தேன் வார்னிஷ்) பூசும்போது பால் மாதிரி இருந்து, காய்ந்ததும் கண்ணாடியாகத் தெளிந்துவிடும், நிறம் மாறாது. விலை கூடுதல்தான், இருந்தாலும் குறைந்தது மூன்று கோட். மழைக்காலத்தில் ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய விட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

இதற்குப் பதில் ஒரு பவானி ஜமக்காளம் வாங்கிவிடலாமே என்றால், உட்காரவும் படுக்கவும் ஜமக்காளம்தான், அதில் பேச்சே இல்லை. பெயிண்ட் விரிப்பில் வெறும் காலோடு உட்கார்ந்தால் கோடையில் ஒட்டும். ஆனால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் சாம்பார் கொட்டினால் ஜமக்காளத்தை ஊறவைத்துத் துவைக்கணும், இதை ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்தால் போதும். டைல்ஸ் தரையென்றால் அடியில் ரப்பர் வலை ஒன்று போட்டுவிடுங்கள், வழுக்கும். எடுத்து வைக்கும்போது பெயிண்ட் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி சுருட்டுங்கள்.