கைண்ட் கிளஸ்டரோடு சில வருடங்கள்: இமேஜ் ஏற்றும் பாடு

லேப்டாப்பில் எஸ்எஸ்டி போய்விட்டது. காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடையில் புதிது போட்டுக் கொடுத்தார்கள். கோடு எல்லாம் கிட்டில் இருந்ததால் இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் டெவலப்மென்ட் சூழலை அடியிலிருந்து மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. டாக்கர், கியூப்சிடிஎல், ஹெல்ம் மூன்றும் மளமளவென்று முடிந்தன. குபர்நெட்டிஸ் என்பது கன்டெய்னர்களில் அடைத்த நிரல்களைப் பல கணினிகளில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு. அந்தக் கணினிக் கூட்டம்தான் கிளஸ்டர், அதில் ஒவ்வொன்றும் ஒரு நோடு. அதையே ஒற்றை லேப்டாப்பில் எழுப்பித் தரும் கருவி கைண்ட். அதுவும் ஒற்றைக் கோப்புதான், இறக்கிப் பாதையில் வைத்தால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகுதான் மாலை முழுவதும் போனது.

பாட், சர்வீஸ், ஹெல்ம் சார்ட் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கைண்டை எப்படி நிறுவுவது என்பதை அதன் ஆவணமே நன்றாகச் சொல்லித் தருகிறது. நான் சொல்ல வருவது, தினமும் அதில் வேலை செய்கிறவனுக்கு எங்கே வலிக்கிறது என்பதை.

முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். கைண்ட் ஒவ்வொரு நோடையும் ஒரு டாக்கர் கன்டெய்னராக ஓட்டுகிறது. குபர்நெட்டிஸையே சோதிப்பதற்காக உருவான கருவி. அதனால் உள்ளே இருப்பது குறைத்துச் செய்த நகல் இல்லை, கிளஸ்டர் அமைக்கும் கியூப்அட்மின் கருவியை வைத்து எழுப்பிய உண்மையான கிளஸ்டர். ஒரு கட்டளையில் வருகிறது, ஒரு கட்டளையில் போகிறது. சார்ட் எழுதுகிறவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் நோண்ட வேண்டாம், அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பிப் பார்க்கலாம். மூன்று நோடு கிளஸ்டர் வேண்டுமென்றால் கோப்பில் சில வரிகள் போதும். நோடு செயலிழந்தால் பாட் எங்கே போகிறது என்பதை என் மேசையிலேயே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இனி வலிக்கும் இடம். என் லேப்டாப்பில் நான் கட்டிய இமேஜ் (கன்டெய்னர் ஓடத் தேவையான எல்லாம் அடங்கிய தொகுப்பு) என் லேப்டாப்பிலேயே ஓடும் கிளஸ்டருக்குத் தெரியாது. வெளியே இருப்பது டாக்கரின் இமேஜ் கிடங்கு. நோடுக்குள்ளே கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டிக்குத் தனிக் கிடங்கு. நம் செட்டிநாட்டுப் பக்கத்து வளவு வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிச் சாமான் என்று இருந்ததே, அந்த ஏற்பாடு மாதிரி. கூரை ஒன்று, அரிசி மூட்டை வேறு. ஒருவர் கிடங்கில் இருப்பது அடுத்தவர் உலைக்குத் தானாகப் போகாது.

அதற்காகத்தான் 'கைண்ட் லோட்' என்று ஒரு கட்டளை வைத்திருக்கிறார்கள். அது இமேஜ் முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒவ்வொரு நோடுக்குள்ளும் இறக்குகிறது. நான் வேலை செய்யும் பைத்தான் சேவையின் இமேஜ் ஒரு ஜிபியைத் தாண்டும், பிடிஎஃப் தயாரிக்கும் நூலகங்கள் அவ்வளவு கனம். கோடில் ஒரே ஒரு வரியை மாற்றினாலும் அந்த ஒரு ஜிபியும் மறுபடி மூட்டையாகி மறுபடி இறங்கும். மூன்று நோடு என்றால் மூன்று இடத்தில். மாறியது சில கிலோபைட் லேயர் (இமேஜின் ஓர் அடுக்கு) மட்டும் என்று டாக்கருக்குத் தெரியும். ஆனால் இந்த வழியில் அந்த அறிவு பயன்படுவதில்லை. வட்டு நிறைவது ஒரு பக்கம். காத்திருக்கிற நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்த விஷயம் கைவிட்டுப் போவதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

இமேஜுக்கு 'லேட்டஸ்ட்' என்று டேக் (பதிப்பு அடையாளம்) வைத்துவிட்டால் இன்னொரு தொல்லை. டேக் அதுவாக இருந்தாலோ, டேக்கே இல்லாவிட்டாலோ, குபர்நெட்டிஸ் எப்போதும் வெளியிலிருந்து இழுக்கத்தான் பார்க்கும். அதனால் இமேஜை ஒழுங்காக ஏற்றிய பிறகும் பாட் இமேஜை இழுக்க முடியாமல் 'இமேஜ்புல்பேக்ஆஃப்' என்று நிற்கும். இது கைண்டின் குற்றம் இல்லை, குபர்நெட்டிஸின் விதி. டேக்கில் எண் போட்டுவிட்டால் தீர்ந்தது, அல்லது புல் பாலிசியை (எப்போது இழுப்பது என்ற விதியை) 'இஃப்நாட்பிரசன்ட்' என்று எழுத வேண்டும். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

எஸ்எஸ்டி மாற்றிய மாலை போனது வேறொரு சுவரில். பழைய கிடங்கு போய்விட்டதால் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ், கிராஃபானா என்று எல்லா இமேஜும் மறுபடி இறங்க வேண்டும். இமேஜ்களைத் தரும் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப்பில் 2020 நவம்பரிலிருந்து ஒரு வரம்பு உண்டு. லாகின் செய்யாதவர்களுக்கு ஒரு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 முறைதான் இழுக்கலாம். தனியாளுக்கு இது தாராளம். ஆனால் என் வீட்டு பிராட்பேண்டில் பல இணைப்புகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபியைத்தான் தருகிறார்கள். ஊரில் யார் யார் இழுத்தார்களோ, எனக்கு வந்தது 'டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்'. சரி, லாகின் செய்தால் வரம்பு நம் கணக்குக்கு மாறிவிடும் என்று லேப்டாப்பில் டாக்கர் லாகின் செய்தேன். வெளியே எல்லாம் இறங்கியது. கிளஸ்டருக்குள் அதே பிழை. வெளியே செய்த லாகின் உள்ளே இருக்கும் கன்டெய்னர்டிக்குத் தெரியாது. அதற்குத் தனியாக இமேஜ் புல் சீக்ரெட் (லாகின் விவரம்) வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நோடுக்குள் சான்றுக் கோப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். இமேஜ் தனி, லாகின் தனி, போர்ட் தனி. வெளியிலிருந்து உள்ளே போகும் வாசலான போர்ட்டைக் கிளஸ்டர் எழுப்பும்போதே எழுதி வைக்காவிட்டால் அப்புறம் சேர்க்க வழியில்லை, அழித்துத்தான் மறுபடி எழுப்ப வேண்டும்.

தீர்வு உண்டு, நல்ல தீர்வு. லேப்டாப்பிலேயே ஒரு ரெஜிஸ்ட்ரி (இமேஜ் கிடங்கு) கன்டெய்னர் ஓட்டி, அதைக் கைண்டின் நெட்வொர்க்கில் இணைத்துவிடுவது. கைண்ட் ஆவணத்திலேயே அதற்கான ஸ்கிரிப்ட் இருக்கிறது, லோக்கல்ஹோஸ்ட் 5001-இல் வரும். கட்டிய இமேஜை அங்கே புஷ் செய்தால் மாறிய லேயர் மட்டும் போகும், நோடும் மாறிய லேயரை மட்டும் இழுக்கும். நிமிடக் கணக்கில் இருந்தது நொடிக் கணக்குக்கு வந்துவிட்டது. இமேஜ் கட்டும் செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலில் நூலகங்களை நிறுவும் வரியை மேலேயும் நம் கோடை நகலெடுக்கும் வரியைக் கீழேயும் வைத்தால்தான் இந்தப் பலன் முழுதாகக் கிடைக்கும்.

டாக்கர் ஹப் இமேஜ்களுக்கு இரண்டாவது ரெஜிஸ்ட்ரி ஒன்றை இடைநிலைக் கிடங்காக வைத்தேன். ஒருமுறை இறங்கிய லேயர் அங்கே தங்கிவிடும், கிளஸ்டரை எத்தனை முறை அழித்தாலும் போகாது. இரண்டையும் ஒரே ரெஜிஸ்ட்ரியில் சேர்க்க முடியாது. இடைநிலைக் கிடங்காக ஓடும் ரெஜிஸ்ட்ரி நம் இமேஜை ஏற்றுக்கொள்ளாது. இதை ஆவணத்தில் இன்னும் பெரிய எழுத்தில் சொல்லியிருக்கலாம்.

லினக்ஸில் நோடு கூடினால் 'டூ மெனி ஓபன் ஃபைல்ஸ்' என்ற பிழை வரும். கோப்பு மாற்றங்களைக் கவனிக்கும் ஐநோட்டிஃபை வசதியின் வாட்ச் வரம்பை 524288 ஆகவும், இன்ஸ்டன்ஸ் வரம்பை 512 ஆகவும் உயர்த்தினால் போதும்.

இவ்வளவும் போட்டு முடித்தால் கைண்ட் தரும் ஒரு சந்தோஷம் உண்டு. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் வீட்டில் மோடம் ஓடாது, மொபைல் சிக்னலும் திணறும். லேப்டாப் பேட்டரியில் மட்டும் உட்கார்ந்து, கிளஸ்டரை அழித்து, மறுபடி எழுப்பி, என் இமேஜை ஏற்றி, ஹெல்ம் சார்ட்டைச் சோதித்திருக்கிறேன். நோடு இமேஜ் ஏற்கனவே இறங்கியிருந்தால் கிளஸ்டர் எழுப்ப இணையமே தேவையில்லை. பெரிய நிறுவனங்கள் ஓட்டும் அதே குபர்நெட்டிஸ், நெட் இல்லாத வீட்டு முற்றத்தில், யார் தயவும் இல்லாமல் ஓடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கருவியை எழுதியவர்கள் மேல் மரியாதை கூடுகிறது.

இப்படி எழுதிக்கொண்டிருக்கும்போதே என் தங்கச்சி மகன் கூப்பிட்டான். இன்ஜினியரிங் கடைசி வருடம், விண்டோஸ் லேப்டாப், 8 ஜிபி ரேம். "அம்மான், புராஜெக்டுக்குக் கைண்ட் போடவா, மினிகியூப் போடவா?" என்றான்.

மேலே சொன்ன பாராட்டை எல்லாம் வைத்துப் பார்த்தால் கைண்ட் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மினிகியூப் போடு என்றேன். அதுவும் லேப்டாப்பில் கிளஸ்டர் எழுப்பும் கருவிதான். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 தானாக ரேமில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த 4 ஜிபியில் மூன்று நோடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒற்றை நோடுதான் என்றால் மினிகியூபில் டாக்கர் ரன்டைமோடு 'டாக்கர்-என்வி' கட்டளையைக் கொடுத்துவிட்டு, நேராகக் கிளஸ்டருக்குள்ளேயே இமேஜைக் கட்டலாம். ஏற்றுகிற வேலையே கிடையாது. மார்ச்சில் ரிவ்யூ வைத்திருக்கிற பையன் ரெஜிஸ்ட்ரி அமைப்புக் கோப்போடு மல்லுக்கட்ட வேண்டாம்.

"அப்போ நீங்க ஏன் கைண்ட் வச்சிருக்கீங்க?" என்றான். எனக்குப் பல நோடு வேண்டும், கோடைத் தானாகச் சோதிக்கும் எங்கள் சிஐ சர்வரிலும் அதுதான் ஓடுகிறது, அங்கே ஓடுவதே இங்கேயும் ஓட வேண்டும். அதனால் நான் மாறப்போவதில்லை. ஆனால் கட்டிய இமேஜை ஏற்ற இவ்வளவு ஏற்பாடு வேண்டியிருக்கும் வரை, முதன்முதலாகத் தொடங்குகிற யாருக்கும் கைண்டை நான் சொல்ல மாட்டேன். ரெஜிஸ்ட்ரியை ஒரே கட்டளையில் அதுவே அமைத்துக் கொடுக்கும் நாளில் கேளுங்கள், மாற்றிச் சொல்கிறேன்.