முப்பது குட்டி வெள்ளைப் பலகையும் ஏழாம் வகுப்புக் கணக்கும்

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில், கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடையில் குட்டி வெள்ளைப் பலகை 30 வாங்கினேன். ஏ4 தாள் அளவு. ஒரு பக்கம் வெறுமை, மறுபக்கம் கட்டம், சுற்றிலும் நீல பிளாஸ்டிக் விளிம்பு. ஒன்று 45 ரூபாய். மொத்தமாக எடுத்ததால் 42. ஆக 1,260 ரூபாய், என் கைக்காசு. “டியூஷன் சென்டர் வச்சிருக்கீங்களாம்மா?” என்றார் கடைக்காரர். இல்லைங்க, முதுநகர் பக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றேன். அப்படியா என்று கேட்டுக்கொண்டார், அதற்கு மேல் ஒரு ரூபாய் குறையவில்லை.

வகுப்பில் 29 பிள்ளைகள், மிச்சம் ஒன்று எனக்கு. பயன்படுத்தும் முறையில் ரகசியம் ஒன்றுமில்லை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் விடையை எழுதி, எழுதிய பக்கத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். நெஞ்சோடு பிடிப்பது முக்கியம். அது இல்லாவிட்டால் முதல் பெஞ்சு எழுதியது கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்துவிடும். முதல் வாரம் பாதிப் பலகையில் விடை, மீதிப் பாதியில் படகு. துறைமுகத்துப் பிள்ளைகளாயிற்றே, படகு நன்றாகவே வரைகிறார்கள். பாடம் தொடங்கும் முன் ஒரு நிமிடம் படம் வரைய விட்டேன், பிரச்சினை தீர்ந்தது.

இது எதற்கு என்றால், பதினாறு வருஷமாக நான் கேட்ட கேள்வி “புரிஞ்சுதா?”, எனக்குக் கிடைத்த பதில் “புரிஞ்சுது டீச்சர்”. கை தூக்கச் சொன்னால் தூக்குவது அதே நான்கு பேர். அந்த நால்வருக்குப் புரிந்ததை வைத்து அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

தசம எண்கள் நடத்தி முடித்து, மறுநாள் கூட்டலுக்குப் போகலாம் என்று இருந்தேன். சும்மா ஒரு கேள்வி போட்டேன்: 0.35, 0.4 இவற்றில் எது பெரியது? ஒன்று, இரண்டு, மூன்று. அன்றைக்கு வந்திருந்த 27 பேரில் 16 பேர் 0.35 என்று தூக்கினார்கள். அந்தப் பதினாறில் எப்போதும் கை தூக்கும் நால்வரில் இரண்டு பேர். முதல் பெஞ்சுப் பெண் காரணமும் சொன்னாள்: “முப்பத்தஞ்சு பெரிசு, நாலு சின்னது டீச்சர்.” முழு எண்ணில் பழகிய கண்ணுக்கு அது நியாயம்தான்.

சரி, மிச்சம் 11 பேருக்காவது தெரிந்திருக்கிறதே என்று விட்டுவிட மனசு வரவில்லை. இன்னொன்று போட்டேன்: 0.62, 0.5. அந்தப் பதினோரு பேரில் மூன்று பேர் இப்போது 0.5 என்று எழுதினார்கள். கேட்டால், “புள்ளிக்கு அப்புறம் ஒரு நம்பர் மட்டும் இருந்தா அதுதான் டீச்சர் பெரிசு.” முதல் கேள்வியில் தப்பான வழியில் போய்ச் சரியான விடைக்கு வந்தவர்கள். நோட்டு திருத்தியிருந்தால் மூன்று பேருக்கும் டிக் போட்டிருப்பேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன், அப்பாவோடு விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு வருபவன். அவன் பலகையிலும் 0.35. “0.35 கிலோ எறா எவ்வளவுடா?” என்றேன். “முந்நூத்தி அம்பது கிராம்.” “0.4 கிலோ?” கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். “நானூறு கிராமா டீச்சர்?” நான் பதில் சொல்லும் முன்பே உள்ளங்கையால் தன் விடையை அழித்துவிட்டான். கையெல்லாம் கறுப்பு.

கூட்டல் இரண்டு நாள் தள்ளிப் போனது. பலகையின் கட்டப் பக்கம் அப்போதுதான் உதவியது. 10-க்கு 10 சதுரம் எடுத்து, 35 கட்டம் ஒரு தடவை, நான்கு முழு வரிசை ஒரு தடவை நிரப்பிப் பார்த்தார்கள். ஒரு குறை: பலகையில் இருப்பது 10-க்கு 14 கட்டம். நானே ஸ்கேல் வைத்து அழியாத மார்க்கரால் 30 பலகையிலும் எல்லைக்கோடு போட்டேன். தயாரிப்பவர்கள் 10-க்கு 10 ஆக அச்சடித்தால் என்ன கெட்டுவிடும்?

8 + 4 = □ + 5 என்ற கேள்வியையும் போட்டுப் பார்த்தேன். 20 பேர் 12, 4 பேர் 17, ஐந்தே பேர் 7. சமக்குறி என்றால் ‘விடை எழுது’ என்றே இத்தனை வருஷமும் படித்திருக்கிறார்கள். 1999-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இதே கேள்விக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 145 பேரில் ஒருவர்கூட 7 எழுதவில்லை என்று படித்தபோது, கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

இனி குறைகள். கூடக் கொடுத்த இலவச மார்க்கர் இரண்டே வாரத்தில் காய்ந்தது. மூடியை மூடாமல் வைப்பது பிள்ளைகள் தப்பு, மையே இல்லாமல் வந்தது யார் தப்பு? தனியாக வாங்கினால் ஒன்று 25 ரூபாய். கறுப்பு மட்டும் வாங்குங்கள், சிவப்பு கறை விடுகிறது. எழுதி ஒரு வாரம் அழிக்காமல் வைத்தால் கறுப்பும் மங்கலாகத் தங்கும், சானிடைசர் போட்டுத் துடைத்தால் போய்விடும். துடைக்கப் பழைய சாக்ஸ் ஆளுக்கொன்று வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். துவைத்ததா என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். விளிம்பு நான்கு மாதத்தில் கழன்றுகொள்கிறது, செல்லோடேப் ஒட்டி ஓட்டுகிறேன்.

சிலேட்டே போதாதா என்றார் பக்கத்து வகுப்பு அக்கா. போட்டுப் பார்த்தேன். பலப்பத்தில் எழுதினால் கோடு மெலிசு, கடைசி பெஞ்சுப் பலகை எனக்குத் தெரியவில்லை. காசு குறைவாக வேண்டுமானால், வெள்ளை அட்டையை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்துகொள்ளுங்கள். அதுவும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் வளையும், அவ்வளவுதான்.

இதன் பெரிய வசதி, எழுதியது அழிந்துபோவது. தமிழ்நாட்டில் 2012-13-இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீடு என்று அழகான பெயர் வைத்தார்கள். வளரும்போதே அறிவது. அதற்கு 40 மதிப்பெண், பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்ததும், அந்த 40-ஐ நிரப்பும் பதிவேடுதான் எங்களுக்கு வளரறி ஆகிப்போனது. 1988-இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்த ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. நோட்டில் 6/10 போட்டுக் கீழே நான்கு வரி எழுதினால் என் பிள்ளைகள் பார்ப்பதும் அந்த ஆறைத்தான். பலகையில் மதிப்பெண் இல்லாததால் தப்பாக எழுதப் பயமில்லை.

தலைமையாசிரியர் ஒருநாள் வந்து பார்த்தார், பிடித்திருந்தது. “இதுக்கு ஆதாரம் எங்க டீச்சர்?” என்றார். இப்போது வாரம் ஒரு தடவை பிள்ளைகள் பலகையைத் தூக்கியதும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். தப்பான விடைகளும் அதில் அப்படியே இருக்கும்.

வாங்கலாமா என்றால் வாங்கலாம், ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்று மார்க்கருக்காகக் குறைத்தது. ஆனால் பலகையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, போட்ட திட்டப்படியே அடுத்த பக்கம் போகிறவர்கள் 1,260 ரூபாயை மிச்சம் பிடிக்கலாம். முப்பதில் இப்போது என்னிடம் இருப்பது 28. ஒன்று உடைந்தது. இன்னொன்றை அந்த ஏலத்துப் பையன் தங்கச்சிக்குக் கணக்குச் சொல்லித்தர வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான், நானும் திருப்பிக் கேட்கவில்லை.