சாய்ந்து நிற்கும் உலக உருண்டை: ஏழு மாத அனுபவம்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் எடுக்கிறேன். பூமி சுழல்வதும் சூரியனைச் சுற்றுவதும் வரும் பாடத்தைப் பல வருடம் கரும்பலகையில் வட்டம் போட்டேதான் நடத்தினேன். பிள்ளைகள் “23½ பாகை சாய்வு” என்று தப்பில்லாமல் எழுதுவார்கள். “அது சாயாமல் இருந்தால் என்ன ஆகும்?” என்று கேட்டால் பேச்சே வராது. அதனால்தான் போன நவம்பரில் ஒரு நல்ல குளோப் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் ஆன்லைனில் எட்டு அங்குல உருண்டை ஒன்று வரவழைத்தேன். பெட்டியைத் திறந்தால் அச்சு செங்குத்தாக நின்றது. அதை வைத்து இரவு பகலைக் காட்டலாம், பருவகாலத்தைக் காட்ட வழியே இல்லை. அன்றைக்கே திருப்பி அனுப்பினேன். அப்புறம் மதுரையில் பள்ளிச் சாமான் விற்கும் ஒரு கடையில், கையோடு கொண்டுபோன பாகைமானியை வைத்து அளந்து பார்த்துத்தான் இதை எடுத்தேன். 30 செ.மீ. விட்டம், உலோக வளைவு, சாய்வு 23½ பாகை சரியாக இருந்தது. விலை 1,850 ரூபாய். டியூஷன் வருமானத்தில் இது பெரிய தொகைதான். ஆனாலும் ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட வீண்செலவு என்று தோன்றவில்லை.

இந்த அளவில் நிலநடுக்கோட்டில் ஒரு பாகை இரண்டரை மி.மீ.க்குச் சற்று அதிகம் வரும். நிஜத்தில் அது 111 கி.மீ. தீர்க்கக்கோடுகளை 15 பாகைக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 360 பாகை என்றால் ஒரு மணிக்கு 15, ஆக ஒரு கட்டம் நகர்ந்தால் ஒரு மணி நேரம். உச்சியில் 24 மணிக்கான வட்டத் தகடும் இருக்கிறது. நம் கடிகாரம் பார்க்கும் 82½ பாகைக் கோடு மட்டும் இதில் கிடையாது. 75க்கும் 90க்கும் நடுவே சிவப்பு நூல் ஒட்டிக்கொண்டேன். மிர்சாபூர் அருகே இறங்கி, ஆந்திராவில் காக்கிநாடா பக்கமாக அந்த நூல் கடலுக்குள் போகிறது. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் ஐந்தரை. கிரீன்விச்சுக்கும் நமக்கும் ஐந்தரை மணி வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தானே கண்டுபிடித்துச் சொன்னான்.

இரவு பகலைக் காட்ட டார்ச் லைட் வேண்டாம். அதன் வெளிச்சம் வட்டமாக ஓர் இடத்தில்தான் விழும். மூடி இல்லாத பல்பை உருண்டையின் நடு உயரத்துக்கு வைத்து, ஐந்தடி தள்ளி உருண்டையை வைத்தால் சரியாகப் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. உருண்டையை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்ற வேண்டும். பாதிப் பிள்ளைகள் எதிர்ப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள், கவனிக்கணும். சரியாகச் சுற்றினால் அருணாசலப் பிரதேசம் முதலில் வெளிச்சத்துக்கு வரும், குஜராத்தின் மேற்கு முனை வர இன்னும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு இடத்திலும் கடிகாரம் காட்டும் மணி மட்டும் ஒன்றுதான்.

பருவகாலத்துக்கு வரும்போதுதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், முதலில் நானும் தடுமாறினேன். உருண்டையைத் தூக்கிக்கொண்டு பல்பைச் சுற்றி நடக்கும்போது, நம்மை அறியாமல் தாங்கியையும் பல்பு பக்கமே திருப்பிக்கொண்டு போவோம். அப்படிச் செய்தால் வருடம் முழுக்க வட பகுதிக்குக் கோடைதான். தாங்கியின் அடியில் ஒரு அம்புக்குறி ஒட்டி, எங்கே நின்றாலும் அம்பு வடக்குச் சுவரையே பார்க்க வேண்டும் என்று விதி வைத்தேன். பல்புக்குத் தெற்கே நின்றால் வட துருவம் விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும், அது ஜூன். அங்கிருந்து கிழக்கே வந்தால் செப்டம்பர், வடக்கே டிசம்பர், மேற்கே மார்ச். ஜூனில் நிறுத்திச் சுற்றும்போது, ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே நார்வேயின் தலைப்பகுதி ஒரு முழுச் சுற்றிலும் இருட்டுக்குள் போகவே இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதையே நாலு தடவை சுற்றிப் பார்த்தாள்.

என் சித்தி மகள் மெல்போர்னில் இருக்கிறாள். டிசம்பரில் போன் பேசும்போது, “அக்கா, ராத்திரி எட்டரை ஆகுது, இன்னும் வெளிச்சமாத்தான் இருக்கு” என்றாள். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படியும் அந்த ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். நம் ஊரில் அது ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பிள்ளைகள் உருண்டையில் மெல்போர்னைத் தொட்டுக்கொண்டே கேட்டார்கள். ‘சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை’ என்று அதுவரை நம்பியிருந்த இரண்டு பேர் அன்றைக்கு அதை விட்டுவிட்டார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி முதல் வாரத்தில், 14.7 கோடி கி.மீ. மிகத் தள்ளிப் போவது ஜூலையில், 15.2 கோடி கி.மீ. மெல்போர்னுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் வேறுவேறு பருவம் இருப்பதைத் தூரத்தை வைத்து விளக்கவே முடியாது.

இந்த உருண்டையில் எனக்கு மிகவும் பிடித்தது பசிபிக் கடலில் அச்சடித்திருக்கும் ஒரு நீளமான 8. கடைக்காரரிடம் கேட்டேன், “டிசைன்” என்றார். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதன்மேல் மாதங்களும் தேதிகளும் இருந்தன. எந்தத் தேதியில் நண்பகல் சூரியன் எந்த அட்சக்கோட்டுக்கு நேர்மேலே நிற்கும் என்று சொல்லும் கோடு அது. மேல் நுனி கடகரேகையிலும் கீழ் நுனி மகரரேகையிலும் தொடுகிறது. சூரியன் கடிகாரத்தை விட எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்பதை அதன் அகலம் காட்டும். நவம்பர் தொடக்கத்தில் அது 16 நிமிடம் வரை போகும். அந்த 8-இன் இரு கோடுகளும் குறுக்கே வெட்டும் இடம் சுமார் 9 பாகை வடக்கு. கோவில்பட்டியும் 9 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது! அந்த வெட்டில் இருந்த தேதிகள் ஏப்ரல் நடுவும் ஆகஸ்ட் கடைசியும்.

விடுவேனா? நூலைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். எங்கள் ஊர் ஏறக்குறைய 77.9 பாகை கிழக்கு. 82½-இலிருந்து 4.6 பாகை மேற்கே. பாகைக்கு நாலு நிமிடம் என்றால் பதினெட்டரை நிமிடம். ஆகவே சூரியன் உச்சிக்கு வருவது 12:19 வாக்கில் இருக்க வேண்டும். ஏப்ரல் 13ஆம் தேதி, சித்திரை பிறப்பதற்கு முதல் நாள், ஒரு அடி பிவிசி குழாயை மொட்டை மாடியில் நிறுத்தினோம். பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணன் தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்துக் கொடுத்தார். பன்னிரண்டு மணிக்கு நிழல் மேற்கே முக்கால் அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. 12:10-க்கு அது பாதியாகச் சுருங்கிவிட்டது. 12:19-க்குக் குழாயைச் சுற்றி நிழலே இல்லை. மேலிருந்து எட்டிப் பார்த்த பையன், “டீச்சர், அடித்தரை வரைக்கும் வெயில் விழுது” என்று கத்தினான். சுடுகிற தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தோம். யாருக்கும் கீழே இறங்க மனசில்லை.

இனி குறைகள். இரண்டு அரைக்கோளங்களையும் நிலநடுக்கோட்டில் ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் தையலில் தீர்க்கக்கோடுகள் 2 மி.மீ. விலகியிருக்கின்றன. நிஜத்தில் அது 85 கி.மீ. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை அந்த இடத்தில் ஒரு படி இறங்குவது போலத் தெரிகிறது. சர்வதேசத் தேதிக் கோட்டை நேராகவே இழுத்துவிட்டார்கள். கிரிபாட்டி தீவுகளைச் சுற்றி அது கிழக்கே நன்றாக வளைய வேண்டும். தென் சூடான் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். 2011-இல் உருவான நாடு. இதில் இருக்கிறது, நான் பார்த்த மலிவான உருண்டைகள் இரண்டில் இல்லை. மேல் திருகு மூன்றாம் மாதமே தளர்ந்துவிட்டது, ஒரு வாஷர் போட்ட பிறகு ஆடவில்லை. பெயர்கள் ஆங்கிலத்தில் மட்டுமே. தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக முக்கியமான இடங்களுக்கு நானே சின்னச் சீட்டு எழுதி ஒட்டினேன். தமிழில் அச்சிட்டுத் தந்தால் இன்னும் இருநூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கரிசல் காட்டுக்கு ஐப்பசியில் மழை ஏன் வருகிறது என்பதை இந்த உருண்டையும் பல்பும் காட்டாது. அதற்குக் காற்றையும் கடலையும் பற்றித் தனியாக நடத்த வேண்டும். சாய்வு, வெளிச்சம், நிழல் மூன்றுக்கும் மட்டும் இதை நம்பலாம்.

வாங்குகிறவர்கள் 30 செ.மீ.க்குக் குறையாமல், சாய்ந்த அச்சோடு, அந்த 8 இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பாகைமானியை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் சூரியன் மறுபடி எங்கள் மாடிக்கு நேர்மேலே வரும். குழாயை மாடிப்படிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். மேகம் மட்டும் விலகி நிற்கணும்.