யூனிவர்சல் ஜாயின்ட் ஷாஃப்ட் மாத்தி மூணு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

மூணு வருஷத்துக்கு முன்னாடி என் ஆர்சி (ரிமோட் கண்ட்ரோல்) வண்டி ரெண்டுலயும் டிரைவ் ஷாஃப்ட், அதாவது மோட்டார் சுத்துறத வீலுக்குக் கொண்டு போற தண்டு, அத மாத்தி யூனிவர்சல் ஜாயின்ட் (வளைஞ்சபடியே சுத்துற மூட்டு) வெச்சது போட்டேன். ஒண்ணு 1:10 ஸ்கேல் ஃபோர் வீல் டிரைவ் டூரிங் கார், இன்னொண்ணு அதே ஸ்கேல்ல பாறை ஏறுற கிராலர். பார்சல் பிரிச்ச அன்னைக்கே ரிவ்யூ போடலாம்தான், ஆனா ஷாஃப்ட் நல்லதா கெட்டதான்னு அன்னைக்குத் தெரியாது, ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டணும், அதான் இவ்ளோ நாள் கழிச்சு எழுதுறேன்.

டூரிங் கார்ல முதல்ல இருந்தது டாக்போன். ரெண்டு முனையிலயும் பின் அடிச்ச ஒரு கம்பி, ரெண்டு கப்புக்குள்ள சும்மா உக்காந்திருக்கும். ஸ்டியரிங்க ஃபுல்லா ஒடிச்சா முன்னாடி கடகடன்னு சத்தம் வரும், எங்கயாவது நல்லா இடிச்சா கழண்டு ரோட்ல கிடக்கும். யூனிவர்சல் போட்டா ரெண்டு முனையும் மாறிடும்னு நினைக்காதீங்க, வீல் பக்கம் மட்டும்தான் ஜாயின்ட், டிஃப் (டிஃபரென்ஷியல் கியர்) பக்கம் அதே பின், அதே கப்புதான். கடையில சிவிடின்னு சொல்லித் தருவாங்க, பேர்ல கான்ஸ்டன்ட் வெலாசிட்டின்னு இருக்கு, ஆனா உள்ள ஒரே ஒரு சின்ன உருளை, அதுக்குக் குறுக்க ஒரு பின், அவ்ளோதான். அதாவது இங்கிலாந்து விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டுல எழுதி வெச்ச அதே ஜாயின்ட். வளைஞ்சு சுத்தும்போது இது சமமான வேகத்துல சுத்தாது, ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வேகம் ஏறி இறங்கும். 30 டிகிரி வளைவுல 0.866 மடங்குலேர்ந்து 1.155 மடங்கு வரைக்கும் போய் வரும். ஃபுல் லாக்ல முன் வீல் விட்டு விட்டு இழுக்குதே, காரணம் இதுதான், உங்க பார்ட் டூப்ளிகேட்னு அர்த்தம் இல்ல. நான் ரிமோட்ல ஸ்டியரிங் எண்ட் பாயின்ட்ட, அதாவது வீல் அதிகபட்சம் திரும்புற அளவ, கொஞ்சம் குறைச்சேன், பாதி உதறல் போயிடுச்சு. சுத்தமாப் போகணும்னா டபுள் கார்டன், அதாவது ரெண்டு ஜாயின்ட்ட ஒட்டி வெச்சதுதான் வழி.

மாட்டுறதுல இருக்கிற விஷயத்த கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா முதல் செட் எனக்கு மூணே மாசத்துல போச்சு, பார்ட் மேல தப்பே இல்ல, நான் மாட்டினதுதான் தப்பு. குறுக்குப் பின்ன உள்ள பிடிச்சு வெக்கிறது ஒரு குட்டி கிரப் ஸ்க்ரூ (தலை இல்லாத ஸ்க்ரூ), அதுக்கு த்ரெட்லாக் (ஸ்க்ரூ லூசாகாமப் பிடிக்கிற பசை) போடாம வெறுமனே முறுக்கி விட்டுட்டேன், ஓடுற அதிர்வுல அது லூசாகி பின் வெளிய வந்து நக்கிள (முன் வீல தாங்கித் திருப்புற பாகம்) உள்பக்கமாவே அறுத்துடுச்சு. இப்ப பண்றது இதுதான்: ஸ்க்ரூவயும் உருளையயும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கழுவி, எண்ணெய்ப் பசை போனப்புறம் நீலக் கலர் த்ரெட்லாக் குண்டூசி முனையில தொட்டு ஒரே ஒரு துளி. ரெண்டு துளி விட்டா அது வழிஞ்சு உருளைக்குள்ள போய் ஜாயின்டே இறுகிடும், அதனால மாட்டின உடனே நாலு பக்கமும் ஆட்டிப் பாத்துடுங்க. பின்னுல தட்டையா ஒரு இடம் சீவி இருந்தா ஸ்க்ரூ அது மேல உக்காரணும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடாம காய விட்டுடணும். த்ரெட்லாக் பிளாஸ்டிக் மேல பட்டா சில பிளாஸ்டிக் வெடிச்சுடும், உடனே துடைச்சுடுங்க. இது போக ஜாயின்ட் மேல ஒரு துண்டு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு லைட்டர் காட்டி சுருக்கி விட்டுட்டேன், ஸ்க்ரூ லூசானாக்கூட பின் வெளிய வராது. இந்த அஞ்சு ரூபா ட்யூப் எனக்கு எத்தன ஷாஃப்ட்ட காப்பாத்திருக்கும்னு கணக்கே இல்ல.

கிராலர் கதை வேற. அதுல கியர்பாக்ஸ்லேர்ந்து ஆக்சிலுக்குப் போற நடு ஷாஃப்ட், ரெண்டு முனையிலயும் ஜாயின்ட், நடுவுல ஸ்ப்லைன் (ஒண்ணுக்குள்ள ஒண்ணு சறுக்குற பல் வெட்டின பகுதி), அதனால நீளம் கூடிக் குறையும். இங்க ரெண்டு ஜாயின்ட் இருக்கிறதால ஒண்ணோட ஏற்ற இறக்கத்த இன்னொண்ணு சரி பண்ணிடும், ஆனா ஷாஃப்ட்டோட ரெண்டு நுனியிலயும் இருக்கிற யோக் (ஜாயின்ட்டப் பிடிக்கிற கவை) ஒரே நேர்ல இருக்கணும், ரெண்டு பக்கமும் வளைவும் ஒரே அளவா இருக்கணும். ஸ்ப்லைன ஒரு பல் தள்ளிச் சொருகிட்டாலும் அந்த நேர் போயிடும், மெதுவா போறப்ப ஒண்ணும் தெரியாது, வேகம் புடிச்சா வண்டி முழுக்க கிர்ர்ருனு நடுங்கும். நான் இத மோட்டார் பிரச்சனைன்னு நினைச்சு ரெண்டு வாரம் மோட்டாரையே கழட்டி மாட்டிட்டு இருந்தேன். கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பாதியிலயும் மார்க்கர்ல ஒரு கோடு போட்டுக்குங்க.

நீளமும் அப்படித்தான். ஷாக்லேர்ந்து ஸ்பிரிங்க கழட்டிட்டு ஆக்சில முழுசா மேல தூக்கிப் பாருங்க, ஷாஃப்ட் முட்டக் கூடாது, முட்டினா அந்த அடி எல்லாம் ஆக்சில்ல இருக்கிற பினியன் (சின்ன கியர்) பேரிங்குக்குப் போகும். அப்புறம் முழுசா தொங்க விட்டுப் பாருங்க, ஸ்ப்லைன்ல மூணுல ஒரு பங்காவது உள்ள இருக்கணும்.

ஸ்டீலா பிளாஸ்டிக்கான்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஸ்டீல் முறுக்கிக்காது, உண்மைதான், ஆனா பிளாஸ்டிக் ஷாஃப்ட் ஒரு ஃப்யூஸ் மாதிரி, பாறைல வீல் மாட்டினா அது உடைஞ்சு கியர காப்பாத்தும். ஸ்டீல் போட்டப்புறம் எனக்கு அடுத்து போனது ஆக்சில் கியர், அத மாத்துறதுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆச்சு.

கிரீஸ் பத்தி ஒண்ணு. எங்க ஏரிக்கரை செம்மண்ல ஓட்டுற கிராலருக்கு நான் கிரீஸே போடுறதில்ல, பொடி மண்ணு அதுல ஒட்டி உப்புக் காகிதம் மாதிரி பின்ன தேச்சுடும். தண்ணில இறங்கினா மட்டும் வீட்டுக்கு வந்ததும் ஊதிக் காயவெச்சு ஒரு சொட்டு லைட் ஆயில் விட்டு துடைச்சுடுவேன். சிமெண்ட் தரைல ஓடுற டூரிங் காருக்கு கப்புக்குள்ள தாமியா கம்பெனியோட ஆன்ட்டி வேர் (தேய்மானத்தத் தடுக்கிற) கிரீஸ் கொஞ்சமா.

கப்புப் பக்கப் பின் ஒரு வருஷத்துல ஒரு முகம் மட்டும் தேஞ்சு தட்டையாகும். அப்ப இடது ஷாஃப்ட்ட வலதுலயும் வலத இடதுலயும் மாத்திப் போட்டா பாரம் பின்னோட அடுத்த முகத்துக்குப் போயிடும், அதுல இன்னொரு வருஷம் ஓட்டலாம். நான் ஓட்டினேன். அதுக்கப்புறம் வைஸ்ல வெச்சு பழைய பின்ன தட்டி எடுத்துட்டு புதுசு இறக்கினேன், ஷாஃப்ட் அதேதான்.

புதுசா வாங்கப் போறவங்களுக்கு, டூரிங் கார்ல நாலு வீலுக்கும் வேண்டாம், முன்னாடி ரெண்டுக்கு மட்டும் வாங்குங்க. பின்னாடி வீல் ஸ்டியரிங்குக்குத் திரும்பறதே இல்ல, என் வண்டில அங்க இன்னும் கிட்டோட வந்த டாக்போன்தான் ஓடுது.