பழைய பில்களை எதில் வைப்பது: ஹார்ட் டிஸ்க்கா, கிளவுடா?

ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான வருடாந்திர ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கரையானுக்குப் பயந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பலரும் ஸ்கேன் செய்துவிடுகிறார்கள். சரி, அப்புறம் எதில் வைப்பது: நம்மிடமே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலா, இணையம் வழியாக வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் சேமிக்கும் கிளவுடிலா?

செலவு
டிஸ்க்: ஒரே தடவை பணம்.
கிளவுட்: சந்தா. கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம்தான், ஆனால் ஜிமெயிலும் அதில் பங்கு கேட்கும்.

நீடித்து உழைக்குமா
டிஸ்க்: கீழே விழுந்தால் போச்சு. எங்கள் குடோனில் மேஜையிலிருந்து விழுந்த ஒன்று, இரண்டு வருட டெலிவரி சலானையும் கொண்டுபோய்விட்டது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் கரண்டே காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்க ஏற்றதல்ல.
கிளவுட்: அந்தப் பயம் இல்லை. பாஸ்வேர்டு தெரிந்த ஒரே கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப்போனால்தான் சங்கடம்.

எளிமை
ஆடிட்டர் கோவையில் இருந்தால் கிளவுடில் லிங்க் அனுப்பினால் போதும்.

எதில் வைத்தாலும் பிடிஎஃப்/ஏ வடிவில் சேமியுங்கள். நீண்டகாலச் சேமிப்புக்கென்றே 2005இல் வந்த ஐஎஸ்ஓ தரம் அது.

ஒரே ஆபீஸ் என்றால் இரண்டு டிஸ்க், ஒன்று வீட்டில். ஈரோட்டிலும் கரூரிலும் கிளை இருந்தால் கிளவுட்தான். நிலப் பத்திரத்தை மட்டும், ஸ்கேன் செய்த தைரியத்தில் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.